தேர்ந்தெடுக்கப்படாத வல்லுநர்களிடம் ஆட்சியைக் கொடுத்துவிட்டால் என்ன?

கேள்வி இது: வாக்காளர்களில் பெரும்பாலோருக்குப் பணவீக்கம் எதனால் வருகிறது என்று தெரியாது, தொற்றுநோய் எப்படிப் பரவுகிறது என்று தெரியாது, அரசின் வரவுசெலவு அறிக்கையில் ஒரு பக்கம்கூடப் படித்திருக்க மாட்டார்கள். அவர்கள் தேர்ந்தெடுக்கும் ஆட்களும் அடுத்த தேர்தலைத் தாண்டி யோசிப்பதில்லை. பேசாமல் அந்தந்தத் துறையில் ஊறியவர்களிடமே ஆட்சியைக் கொடுத்துவிட்டால் என்ன?

நியாயமான கேள்விதான். இதைக் கேட்பவரை ஜனநாயக விரோதி என்று முத்திரை குத்துவது சோம்பேறித்தனம். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலையை வல்லுநர்களிடம் கொடுக்கலாம், இப்போது கொடுப்பதைவிட அதிகமாகவே கொடுக்கலாம். ஆனால் கொடுத்ததைத் திரும்ப வாங்கும் உரிமை குடிமக்களிடம் இருக்க வேண்டும். யாருக்கு அதிகம் தெரியும் என்று பார்த்து நான் இந்த முடிவுக்கு வரவில்லை. தப்பு நடந்தால் அது யார் கண்ணில் முதலில் படும், தப்பு செய்தவரை யாரால் இறக்க முடியும் என்று பார்த்து வந்தேன்.

வல்லுநர் ஆட்சிக்கான பழைய வாதம் பண்டைய கிரேக்கத் தத்துவஞானி பிளேட்டோவுடையது. அவருடைய ஆசான் சாக்ரடீஸுக்கு கி.மு. 399இல் மரண தண்டனை விதித்தது ஏதென்ஸ் நகரின் சாதாரணக் குடிமக்கள் அடங்கிய நீதிமன்றம். பிளேட்டோவுக்கு மக்களாட்சிமேல் கோபம் இருந்ததில் வியப்பில்லை. கப்பலை யார் ஓட்டுவது என்று ஒன்றும் தெரியாத மாலுமிகள் அடித்துக்கொள்கிறார்கள், நட்சத்திரம் பார்த்துத் திசை சொல்லத் தெரிந்தவனையோ வானம் பார்த்துக்கொண்டிருக்கும் வெட்டிப்பயல் என்கிறார்கள் என்று அவர் ஒரு காட்சி வரைந்தார். இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் மறுமொழி: கப்பலை ஓட்டத் தெரிந்தவர் ஓட்டட்டும், எந்தத் துறைமுகத்துக்குப் போவது என்பதைப் பயணிகள் சொல்லட்டும். இலக்கு மக்களுடையது, வழி வல்லுநருடையது.

கேட்க அழகாக இருக்கிறது. பாதிதான் உண்மை. அரசியலில் வழியும் இலக்கும் அப்படித் தனித்தனியாகக் கழன்று வருவதில்லை. 2020இல் கொரோனா பரவியபோது பள்ளிகளை மூடுவதா வேண்டாமா என்ற கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். மூடினால் பரவல் எவ்வளவு குறையலாம் என்று தொற்றுநோயியலாளர் சொல்லலாம். ஒரு வருடப் படிப்பு போனால் என்ன ஆகும் என்று கல்வியாளர் சொல்லலாம். எட்டு வயதுக் குழந்தையின் ஒரு வருடத்துக்கும் எழுபது வயதுக்காரரின் உயிர் ஆபத்துக்கும் இடையே எவ்வளவுக்கு எவ்வளவு என்று சொல்ல எந்தப் படிப்பும் கிடையாது. சுவீடன் சிறு குழந்தைகளின் பள்ளிகளைத் திறந்தே வைத்தது, பல நாடுகள் மூடின. ஏறத்தாழ அதே ஆய்வுகளைத்தான் எல்லாரும் படித்தார்கள்.

ஏதென்ஸ்காரர்களே இதைப் பிளேட்டோ நினைத்ததைவிடக் கவனமாகக் கையாண்டார்கள். 500 பேர் கொண்ட மன்றத்துக்குக் குலுக்கல் முறையில் ஆள் எடுத்தார்கள். ஆனால் போர்த் தளபதிகள் பத்துப் பேரையும் தேர்தலில்தான் தேர்ந்தெடுத்தார்கள், ஏனென்றால் அதற்குத் திறமை வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். திறமைசாலி என்பதற்காக யாரையும் தலைமேல் தூக்கி வைத்துக்கொள்ளவும் இல்லை. பெரிக்ளீஸ் என்ற புகழ்பெற்ற தளபதியையே கி.மு. 430இல் பதவியிலிருந்து இறக்கி அபராதம் போட்டார்கள். அப்புறம் மறுபடியும் அவரையே தேர்ந்தெடுத்தார்கள்.

சரி, வல்லுநர்கள் கையில் ஒரு பெரிய முடிவு உண்மையிலேயே போனால் என்ன நடக்கும்? எனக்குத் தெரிந்தவற்றில் மிகத் தெளிவான உதாரணம் சீனாவின் ஒரு குழந்தைக் கொள்கை. அது ஏதோ கட்சிப் பிடிவாதத்தில் பிறந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கு அறிவியல் முத்திரை கொடுத்தவர்களில் முக்கியமானவர் சோங் ஜியான் என்ற ஏவுகணைக் கட்டுப்பாட்டு நிபுணர். 1970களின் கடைசியில் அவரும் அவருடைய குழுவும் மக்கள்தொகையை ஏவுகணையின் பாதையைக் கணக்கிடும் அதே கணிதத்தைக் கொண்டு கணக்கிட்டார்கள். நூறு ஆண்டுகளுக்குப் பின் சீனாவுக்குப் பொருத்தமான மக்கள்தொகை 65 முதல் 70 கோடி என்று ஒரு எண் வந்தது. அங்கே போய்ச்சேரத் தம்பதிக்கு ஒரு குழந்தை என்று விடை வந்தது. அப்போது சீனச் சமூக அறிவியலாளர்கள் மாவோ காலத்தில் அடிபட்டு நொந்துபோய் இருந்தார்கள். ராணுவத் துறை அறிவியலாளர்களிடமோ கணினி இருந்தது, மரியாதையும் இருந்தது. தலைமைக்கு எந்தக் கணக்கு பிடித்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. 1980 செப்டம்பரில் கட்சி உறுப்பினர்களுக்குப் பகிரங்கக் கடிதம் போனது, கொள்கை நாடு முழுவதும் அமலானது.

கணிதத்தில் பிழை இருந்ததாக நான் சொல்லவில்லை. கணக்குக்குள் வராதவைதான் பிரச்சினை. 1970களிலேயே சீனாவின் கருவள விகிதம் (ஒரு பெண் சராசரியாகப் பெறும் குழந்தைகள்) ஏறத்தாழ ஆறிலிருந்து மூன்றுக்குக் கீழே இறங்கியிருந்தது. வயதான காலத்தில் கஞ்சி ஊற்ற மகன் வேண்டும் என்று நினைக்கும் விவசாயி அந்தச் சமன்பாட்டில் எங்குமே இல்லை. 1983இல் மட்டும் 2 கோடிக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடந்தன. 2000களில் 100 பெண் குழந்தைகளுக்கு 115க்கும் மேல் ஆண் குழந்தைகள் பிறந்தார்கள். லியாங் ஜோங்தாங் என்ற மக்கள்தொகை ஆய்வாளர் 1979இலேயே இது வேண்டாம், இரண்டு குழந்தை, இடையில் நல்ல இடைவெளி, அது போதும் என்று வாதாடினார். ஷான்சி மாகாணத்தின் யிச்செங் வட்டாரத்தில் 1985 முதல் அதைச் சோதித்துப் பார்க்க அவருக்கு அனுமதி கிடைத்தது. அங்கே மக்கள்தொகை தேசிய சராசரியைவிட மெதுவாகத்தான் வளர்ந்தது. இருந்தும் நாடு முழுவதற்குமான ஒரு குழந்தை விதி 2016 தொடங்கும்வரை போகவில்லை. 35 ஆண்டுகள்!

இதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். லியாங்கும் வல்லுநர், சோங்கும் வல்லுநர். வல்லுநர்கள் ஆளட்டும் என்கிறவர்கள் எந்த வல்லுநர் என்பதை யார் முடிவு செய்வது என்று சொல்வதில்லை. நடைமுறையில் அதை அதிகாரத்தில் இருப்பவர்தான் முடிவு செய்வார், தனக்கு ஏற்கெனவே பிடித்த விடையைச் சொல்பவரைத்தான் எடுப்பார். அடுத்தது, தப்பு என்று கிராமங்களுக்கு முதல் வருடமே தெரிந்துவிட்டது. தெரிந்தும் அதை மேலே கொண்டுபோக வாக்கு என்ற ஏணி இல்லை.

சர்வாதிகார நாட்டை எடுத்துக்காட்டினால் போதாது என்பீர்கள். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துக்கு வருவோம். அங்கே கடனில் தத்தளிக்கும் நகரங்களுக்கு மாநில ஆளுநர் ஒரு அவசரகால நிர்வாகியை நியமிக்கலாம். மேயரும் நகர மன்றமும் பெயருக்கு மட்டும் இருப்பார்கள். இந்தச் சட்டத்தை 2012 நவம்பரில் மாநில மக்கள் பொது வாக்கெடுப்பில் ரத்து செய்தார்கள். மறு மாதமே சட்டமன்றம் அதேபோல் இன்னொரு சட்டத்தை நிறைவேற்றியது, அதுவும் மறுபடி வாக்கெடுப்புக்குப் போக முடியாத வடிவில்.

அப்போது ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் வாழ்ந்த ஃபிளின்ட் நகரம் இப்படி நியமிக்கப்பட்ட நிர்வாகிகளின் கீழ் இருந்தது. செலவைக் குறைப்பதற்காக 2014 ஏப்ரலில் குடிநீரை டெட்ராய்ட் அமைப்பிலிருந்து ஃபிளின்ட் ஆற்றுக்கு மாற்றினார்கள். குழாய் அரிக்காமல் இருக்கச் சேர்க்க வேண்டிய வேதிப்பொருளைச் சேர்க்கவில்லை. தண்ணீர் நாறுகிறது, நிறம் மாறி வருகிறது, உடம்பில் தடிப்பு வருகிறது என்று மக்கள் உடனே கத்தத் தொடங்கினார்கள். அக்டோபரில் ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலை உலோகப் பாகங்கள் அரிக்கின்றன என்று அந்தத் தண்ணீரை விட்டுவிட்டது. இரும்புக்கு ஆகாத தண்ணீரைக் குழந்தைகள் இன்னும் ஒரு வருடம் குடித்தார்கள். 2015 மார்ச்சில் நகர மன்றம் 7க்கு 1 என்ற கணக்கில் பழைய தண்ணீருக்கே திரும்ப வேண்டும் என்று வாக்களித்தது. நிர்வாகி அதை ஏற்கவில்லை. மன்றத்துக்கோ அவரை மீறும் அதிகாரம் இல்லை. அந்த ஆண்டு அக்டோபரில்தான் பழைய தண்ணீர் திரும்பியது. அதற்குள் பழைய குழாய்களிலிருந்து ஈயம் கசிந்து குழந்தைகளின் ரத்தத்தில் ஏறியிருந்தது.

இதை "மக்கள் நல்லவர்கள், வல்லுநர் கெட்டவர்கள்" என்ற கதையாகப் படித்தால் தப்பு. ஈயம் இருப்பதை நிரூபித்தவர்கள் நீர்ப் பொறியியலாளர் மார்க் எட்வர்ட்ஸும் குழந்தை மருத்துவர் மோனா ஹன்னா-அட்டிஷாவும். நாற்றம் தெரிந்தது மக்களுக்கு. ஈயம் என்று பெயர் சொல்லத் தெரிந்தது வல்லுநர்களுக்கு. இரண்டும் கைகோத்தபோதுதான் வேலை நடந்தது. நடுவில் அடைத்துக்கொண்டு நின்றது யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத ஒரு நாற்காலி.

இப்போது மறுபக்கம். மக்கள் கூட்டமாக முடிவெடுத்தால் சரியாக எடுப்பார்கள் என்பதற்குச் சிலர் கணித ஆதாரம் காட்டுவார்கள். 1907இல் பிரிட்டிஷ் அறிவியலாளர் பிரான்சிஸ் கால்டன் ஒரு கண்காட்சியில் மாட்டின் எடையை ஊகிக்கும் போட்டியின் 787 சீட்டுகளை ஆராய்ந்தார். ஊகங்களை வரிசைப்படுத்தியபோது நடுவில் நின்றது 1,207 பவுண்டு, உண்மை எடை 1,198. 1785இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் கோண்டோர்செட் நிறுவிய தேற்றம் இன்னும் பொதுவானது: ஒவ்வொருவரும் சரியாகச் சொல்லும் வாய்ப்பு பாதிக்குமேல் இருந்து, ஒருவர் பேச்சைக் கேட்டு இன்னொருவர் ஆடாமல் இருந்தால், கூட்டம் பெருகப் பெருகப் பெரும்பான்மை முடிவு சரியாவது உறுதியாகிக்கொண்டே போகும். ஆனால் அதே தேற்றம் திரும்பியும் கடிக்கும். வாய்ப்பு பாதிக்குக் கீழே இருந்தால் கூட்டம் பெருகப் பெருகத் தப்பு உறுதியாகும். எல்லாரும் ஒரே வதந்தியைக் கேட்டுவிட்டு வந்தால், லட்சம் வாக்கு இருந்தாலும் அது ஒரே வாக்குதான். இந்தக் கணிதத்தை நம்பி நான் மக்களாட்சியை ஆதரிக்க மாட்டேன்.

வாக்காளர் அறியாமைக்கும் காரணம் இருக்கிறது. என் ஒரு வாக்கு முடிவை மாற்றும் வாய்ப்பு மிகச் சிறியது. அதற்காக நான் வர்த்தக ஒப்பந்தங்களைப் படித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டேன். இதைப் பொருளாதார அறிஞர் அந்தோணி டவுன்ஸ் 1957இலேயே விளக்கிவிட்டார். இது முட்டாள்தனம் அல்ல, கணக்குப் பார்க்கும் புத்தி. இதைவிடக் கசப்பானது, பெரும்பான்மை தன் சொந்த வசதிக்காக இன்னொரு தரப்பைக் கதவுக்கு வெளியே நிறுத்துவது. சுவிட்சர்லாந்தில் 1959இல் பெண்களுக்கு வாக்குரிமை கொடுக்கலாமா என்று ஆண்களிடம் கேட்டார்கள்; மூன்றில் இரண்டு பங்கு வேண்டாம் என்றது. 1971இல்தான் கிடைத்தது. அப்பென்செல் இன்னரோடன் என்ற சிறு மாகாணத்தின் ஆண்கள் மாகாணத் தேர்தல்களில் அதற்குப் பின்னும் விடவில்லை. 1990இல் கூட்டாட்சி நீதிமன்றம் உத்தரவு போட்டுத்தான் திறந்தது. பொதுமக்களின் நேரடி வாக்கில் பதவிக்கு வராத நீதிபதிகள் இங்கே மக்களாட்சியைக் காப்பாற்றினார்கள் என்று தயங்காமல் சொல்வேன்.

அதனால் "அறிந்தவர்களுக்கு அதிக வாக்கு" என்ற நடுவழி பலரை இழுக்கிறது. ஆங்கிலேயத் தத்துவஞானி ஜான் ஸ்டுவர்ட் மில் 1861இல் அதைத்தான் கேட்டார். பிரிட்டனில் பல்கலைக்கழகப் பட்டதாரிகளுக்கு இரண்டாவது வாக்கு இருந்தது, 1948 சட்டம்தான் அதை ஒழித்தது. இதில் எனக்கு ஒரே கேள்வி, வினாத்தாளை யார் தயாரிப்பது? அமெரிக்கத் தென் மாநிலங்களில் வாக்குக்கு எழுத்தறிவுத் தேர்வு வைத்தார்கள். அது யாருடைய அறிவையும் அளக்கவில்லை. கறுப்பினத்தவரை வடிகட்டவே இருந்தது. 1965இல் சட்டம் போட்டு அதை நிறுத்த வேண்டியிருந்தது.

வல்லுநர் அறிவும் ஒரே சரக்கு இல்லை. உளவியலாளர் பிலிப் டெட்லாக் 284 நிபுணர்களிடம் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அரசியல், பொருளாதாரக் கணிப்புகளை வாங்கி, நடந்ததோடு ஒப்பிட்டு 2005இல் வெளியிட்டார். இப்போதைய போக்கு அப்படியே தொடரும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் எளிய விதிகளைக்கூட அவர்களால் பெரிதாகத் தாண்ட முடியவில்லை. ஊடகங்களில் பிரபலமானவர்கள் இன்னும் மோசம். ஆனால் மழை வர 70 சதவீத வாய்ப்பு என்று வானிலையாளர் சொன்னால் ஏறத்தாழ பத்தில் ஏழு முறை பெய்கிறது. ஏன் இந்த வித்தியாசம்? வானிலையாளர் செய்த தப்பு மறுநாளே முகத்தில் அறைந்துவிடும். ஓய்வூதியத்தைச் சீர்திருத்துபவருக்கு முப்பது வருடம் கழித்துத்தான் தெரியும், அதுவும் தெரிந்தால். பாலத்தின் சுமை, மருந்தின் அளவு என்று பதில் சீக்கிரம் தெரிந்துவிடும் வேலைகளை நான் கண்ணை மூடிக்கொண்டு வல்லுநரிடம் கொடுப்பேன்.

அரசியல்வாதிகள்தான் வல்லுநர்களுக்கு எதிரி என்ற எண்ணமும் பாதி சரிதான். இத்தாலியில் 2011 நவம்பரில் கடன் நெருக்கடி முற்றியபோது மரியோ மோன்டி என்ற பொருளாதார அறிஞரின் அமைச்சரவை வந்தது. தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஒருவரும் அதில் இல்லை. நாடாளுமன்றம் அமோகமாக ஆதரித்தது. ஏன் ஆதரிக்காது? ஓய்வு வயதை உயர்த்தும் கெட்ட பெயர் கட்சிகளுக்கு வராதே. அந்தச் சீர்திருத்தத்தில் ஏற்கெனவே வேலையை விட்டுவிலக ஒப்புக்கொண்டிருந்த பெருங்கூட்டம் சம்பளமும் இல்லாமல் ஓய்வூதியமும் இல்லாமல் நடுவில் மாட்டிக்கொண்டது. அவர்களின் எண்ணிக்கை அரசு முதலில் மதிப்பிட்டதைவிடப் பல மடங்கு. 2013 தேர்தலில் மோன்டியின் அணிக்கு 10 சதவீதம் அளவில் கிடைத்தது. அமைப்பையே திட்டித் தீர்த்த ஐந்து நட்சத்திர இயக்கம் என்ற கட்சி நான்கில் ஒரு பங்கு வாக்கை அள்ளியது. அவர் வந்திராவிட்டால் இத்தாலி திவாலாகியிருக்கும் என்பவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் கசப்பு மருந்தை ஊட்ட வெளியாள், கைத்தட்டு வாங்க நாங்கள் என்ற ஏற்பாட்டில் வாக்காளர் யாரைத் தண்டிப்பது?

ஆக, மக்களைத் தேர்தலுக்குத் தேர்தல் மட்டும் கூப்பிடாமல், அவர்களுக்கு நேரமும் தகவலும் கொடுத்து உட்காரவைத்தால்? அயர்லாந்து அப்படிச் செய்தது. 2016இல் குலுக்கலில் எடுத்த 99 குடிமக்கள், தலைமைக்கு ஒரு நீதிபதி. கருக்கலைப்புத் தடை என்ற, அரசியல்வாதிகள் தொட அஞ்சிய விஷயத்தை அவர்களிடம் கொடுத்தார்கள். மருத்துவர்களும் சட்ட அறிஞர்களும் வந்து விளக்கினார்கள், குறுக்குக் கேள்விகளுக்குப் பதில் சொன்னார்கள், எழுந்து போனார்கள். வாக்கு குடிமக்களுடையது. அவர்கள் பரிந்துரைத்ததை ஒட்டி 2018 மே 25 அன்று நடந்த பொது வாக்கெடுப்பில் 66.4 சதவீதம் பேர் தடையை நீக்க ஒப்புக்கொண்டார்கள். இங்கே வல்லுநர் சாட்சி, நீதிபதி அல்ல. எனக்கு மிகப் பிடித்த ஏற்பாடு இது.

மந்திரக்கோல் என்று நினைத்துவிட வேண்டாம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 160 குடிமக்கள் 2004இல் ஒரு புதிய தேர்தல் முறையைப் பரிந்துரைத்தார்கள். மறு ஆண்டு வாக்கெடுப்பில் 57 சதவீதத்துக்குமேல் ஆதரவு, ஆனால் 60 வேண்டும் என்று விதி, போயிற்று. பிரான்சில் காலநிலை குறித்து 150 பேர் கொடுத்த 149 பரிந்துரைகளில் பலவற்றை அரசு நீர்க்கச் செய்தது. அயர்லாந்திலேயே 2024 மார்ச்சில் இன்னொரு குடிமக்கள் அவையின் பரிந்துரைகளிலிருந்து பிறந்த இரண்டு திருத்தங்களை மக்கள் பெரும் வித்தியாசத்தில் தோற்கடித்தார்கள். அதுவும் சரிதான். தோற்கடிக்க முடியாத அவை என்றால் அதுவும் இன்னொரு வல்லுநர் குழுதான்.

எஞ்சியிருப்பது மத்திய வங்கி. தேர்ந்தெடுக்கப்படாதவர்கள் கோடிக்கணக்கானோரின் கடன் வட்டியைத் தீர்மானிக்கிறார்கள், நான் அதை ஆதரிக்கிறேன். முரண் இல்லையா என்று கேட்கலாம். பிரிட்டனின் ஏற்பாட்டைப் பாருங்கள். 1997இல் வட்டி விகிதம் வைக்கும் பொறுப்பை அரசு இங்கிலாந்து வங்கிக்குக் கொடுத்தது. பணவீக்க இலக்கு எவ்வளவு என்பதை அரசே வைத்துக்கொண்டது, இப்போது அது 2 சதவீதம். ஒன்பது பேர் குழு வாக்களிக்கிறது, யார் எப்படி வாக்களித்தார் என்பது வெளியாகிறது. இலக்கிலிருந்து ஒரு சதவீதப் புள்ளிக்குமேல் விலகினால் ஆளுநர் ஏன் என்று நிதியமைச்சருக்குப் பகிரங்கக் கடிதம் எழுத வேண்டும். நாடாளுமன்றத்துக்குப் பிடிக்கவில்லை என்றால் சாதாரணச் சட்டம் போட்டு எல்லாவற்றையும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். வேலை குறுகியது, அளக்கக்கூடியது, பறிக்கக்கூடியது.

ஐரோப்பிய மத்திய வங்கியின் கதை வேறு. அதன் தன்னாட்சி உடன்படிக்கையில் எழுதப்பட்டிருக்கிறது. மாற்ற வேண்டுமென்றால் ஐரோப்பிய ஒன்றியத்தின் உறுப்பு நாடுகள் அத்தனையும் ஒப்ப வேண்டும். விலை நிலைத்தன்மைக்கு என்ன எண் என்பதையும் வங்கியே முடிவு செய்துகொள்கிறது. 2008 நெருக்கடிக்குப் பின் மத்திய வங்கிகள் பெரும் தொகைக்கு அரசுக் கடன் பத்திரங்களை வாங்கின. வீடும் பங்குகளும் வைத்திருப்பவர்களின் சொத்து மதிப்பு ஏறியது, சேமிப்பில் வாழ்ந்தவர்களுக்கு வட்டி கரைந்தது. இது யாருக்கு எவ்வளவு என்ற பங்கீட்டுக் கேள்வி, இதைத் தீர்மானிக்க அவர்களை யாரும் நியமிக்கவில்லை. 2020 மே மாதம் ஜெர்மானிய அரசியலமைப்பு நீதிமன்றம் இந்த விளைவுகளையெல்லாம் எடைபோட்டதற்கு விளக்கம் எங்கே என்று கேட்டபோது, கேட்டதும் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்காத நீதிபதிகள்தான், கேட்கப்பட்டதும் தேர்ந்தெடுக்கப்படாத வங்கியாளர்கள்தான். அந்தப் பத்திரங்களை வாங்கியது யூரோவைக் காப்பாற்றியது என்றே நினைக்கிறேன். இருந்தாலும், அந்த வங்கியின் இலக்கை ஐரோப்பிய நாடாளுமன்றம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை விவாதித்து வாக்களித்து நிர்ணயிக்கும்படி உடன்படிக்கையைத் திருத்த வேண்டும் என்ற பக்கம்தான் நான் நிற்பேன், அதனால் சில முடிவுகள் தாமதமானாலும் சரி.